குண்டலினி யோகத்தை எங்கிருந்து தொடங்குவது? கோட்டையூர்த் தம்பிக்கு ஒரு பதில்

கோட்டையூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 31. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை. முடிய இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது. யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து, காலை நாலரைக்கு எழுந்து, பத்து நாளாக வேக மூச்சுப் பயிற்சி செய்திருக்கிறார். ஏழாம் நாள் விரல் நுனியெல்லாம் மரத்து, உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்து, தலை கிறுகிறுத்திருக்கிறது. குண்டலினி, அதாவது முதுகுத்தண்டின் அடியில் பாம்பு போலச் சுருண்டு கிடப்பதாகச் சொல்லப்படும் சக்தி, எழும்பத் தொடங்கிவிட்டதா என்பது அவருடைய முதல் கேள்வி. முறையாகத் தொடங்குவது எப்படி என்பது இரண்டாவது. மூன்றாவதாக, "பாம்பை எழுப்பாதேடா, பைத்தியம் பிடிச்சிரும்" என்று அப்பத்தா பயப்படுகிறார்களாம், அது உண்மையா என்று கேட்கிறார்.

நான் பள்ளத்தூரில் இருக்கிறேன். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பயிற்சியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த மரத்துப்போதல். தம்பி, அது குண்டலினி இல்லை. வேகவேகமாக மூச்சு விடும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ரத்தத்தில் அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் தலை சுற்றும். ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால் நரம்புகள் சீண்டப்பட்டு விரலும் உதடும் குறுகுறுக்கும். சிலருக்குக் கைவிரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். பயிற்சியை நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். பரீட்சைக்குப் பயந்து படபடக்கும் பிள்ளைக்கும் இதேதான் நடக்கிறது. இதைச் சக்தி ஏறுவதாக எடுத்துக்கொண்டு மறுநாள் இன்னும் வேகமாகச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். வேக மூச்சை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. குண்டலினி யோகம் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் புழங்குகின்றன. நீங்கள் வீடியோவில் பார்த்தது பெரும்பாலும் யோகி பஜன் வழியாக இருக்கும். வெள்ளை உடை, தலைப்பாகை, பஞ்சாபி மந்திரங்கள், நெருப்பு மூச்சு என்ற வேக மூச்சு, இந்தப் பயிற்சி 11 நிமிடம், அந்தப் பயிற்சி 40 நாள் என்ற கணக்கு. இது அவர் அமெரிக்காவுக்குப் போய் 1969 முதல் அங்கே பரப்பிய முறை. இரண்டாவது, நம் ஊர்ப்பக்கம் 'குண்டலினி வகுப்புக்குப் போகிறேன்' என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அவர்கள் சொல்வது, வேதாத்திரி மகரிஷியின் எளிய முறை குண்டலினி யோகம். மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், 2006இல் மறைந்தார். இல்லறத்தில் இருந்துகொண்டே செய்வதற்காக அவர் அமைத்த முறை அது. மூன்றாவது, இவை இரண்டுக்கும் மூத்தது: சித்தர்களும் தாந்திரீக நூல்களும் அடயோக நூல்களும் சொல்லும் பழைய வழி. மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அனாகதம், விசுத்தி, ஆக்கினை என்று முதுகுத்தண்டின் அடியிலிருந்து புருவ மத்தி வரை சொல்லப்படும் ஆறு ஆதாரம் (சக்தி மையம்), இடகலை, பிங்கலை, சுழுமுனை என்ற மூன்று நாடி (சக்தி ஓடும் வழி), கும்பகம் (மூச்சை நிறுத்துவது), பந்தம் (உடம்பின் சில இடங்களை இறுக்கிப் பிடிப்பது), முத்திரை எல்லாம் அங்கிருந்து வந்தவை.

மூன்றையும் கலந்து செய்வதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் ஒரு வீடியோவின் நெருப்பு மூச்சு, மாலையில் வேறொருவர் சொன்ன மூலபந்தம், இராத்திரி நெற்றிப் பொட்டில் தியானம். ஒரே நோய்க்கு மூன்று வைத்தியரிடம் மருந்து வாங்கி ஒன்றாக விழுங்குவது மாதிரி இது. ஒரு வழியைப் பிடித்து, குறைந்தது ஒரு வருடமாவது அதிலேயே இருக்க வேண்டும்.

பழைய நூல்களைத் தானே படித்துச் செய்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். திருமந்திரத்தில் பிராணாயாமத்துக்கு அளவு இருக்கிறது: 16 மாத்திரை (மாத்திரை என்பது ஒரு நேர அளவு) இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடுவது. படித்தால் எளிதாகத் தெரியும். நிறுத்தும் நேரம் இழுக்கும் நேரத்தைப் போல நாலு மடங்கு. பழகாத நெஞ்சு அதைத் தாங்காது. அந்த நூலின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் எந்த வரிசையில் சொல்கிறார் என்பதையும் பாருங்கள். இயமம், நியமம், ஆசனம் என்று மூன்று படி கடந்த பிறகுதான் பிராணாயாமத்துக்கே வருகிறார். பொய் சொல்லாமை, பிறருக்குத் தீங்கு நினையாமை, உடல் சுத்தம், அளவான சாப்பாடு, அசையாமல் உட்காரும் பழக்கம், இதெல்லாம் முடிந்த பிறகு மூச்சு. நாம் முதல் மூன்று படியையும் தாண்டி நாலாம் படியில் காலை வைக்கப் பார்க்கிறோம்.

இன்னொரு நூல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அப்பத்தாவுக்கு அது மனப்பாடமாகவும் இருக்கும். பிள்ளையார்பட்டி பக்கத்தில் இருந்துகொண்டு விநாயகர் அகவல் தெரியாத அப்பத்தாவை நான் பார்த்ததில்லை. மூலாதாரத்தில் மூண்டெழும் கனலைக் காலால் எழுப்புவதைப் பற்றி அவ்வை அதில் பாடுகிறார். அங்கே கால் என்றால் காற்று, மூச்சு. குண்டலி என்ற சொல்லும் அதிலேயே வருகிறது. நம் பாட்டிமார் நோன்பு வீட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பது முழு யோகப் பாட்டு. அவ்வை அதில் எதையும் 'நான் செய்தேன்' என்று சொல்லவில்லை. 'அறிவித்து, காட்டி, அருளி' என்றே போகிறது. பிள்ளையார் குருவாக வந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்ததைத்தான் சொல்கிறார். அகவலைப் பாடி முடிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்: அவ்வைக்கே ஆசான் வேண்டியிருந்திருக்கிறது.

ஆசான் இல்லாமல் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். ஒன்று காஷ்மீரத்து கோபி கிருஷ்ணா. அரசு குமாஸ்தா, குரு இல்லாமல் 17 ஆண்டுகள் விடாமல் தியானம் செய்தார். 1937இல், 34 வயதில், முதுகுத்தண்டு வழியே ஒளி வெள்ளம் போல ஏதோ ஏறியதாக எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வந்தது ஆனந்தம் இல்லை. உடம்பு முழுக்க எரிச்சல், தூக்கம் போயிற்று, சாப்பிட முடியவில்லை, சாவின் விளிம்பு வரை போனார். சமநிலைக்கு வர வருடக்கணக்கில் ஆயிற்று. குண்டலினியைப் போற்றியே பல நூல்கள் எழுதியவர் அவர். அந்த மனிதரே இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது உதாரணம் நான். நாற்பது வயதை நெருங்கும்போது ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் நெற்றிப் பொட்டுத் தியானமும் காலை மாலை இரண்டு வேளையும் செய்தேன். மூன்றாம் வாரத்தில் புருவ மத்தியில் ஆணி அடித்தது போல அழுத்தம். வகுப்பில் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் கோபம். இராத்திரி மூன்று மணி வரை கண் மூடாது. அப்படியே ஒன்றரை மாதம் போயிற்று. மனைவி சொல்லித்தான் காரைக்குடியில் ஒரு மூத்த ஆசிரியரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சாந்தி யோகம் செய்கிறீர்களா?" என்பதுதான். எனக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது. மகரிஷி முறையில் ஆக்கினையில் கவனம் வைத்துத் தவம் செய்பவருக்குச் சாந்தி தவத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுப்பார்கள். கவனத்தை மறுபடி மூலாதாரத்துக்கு இறக்கி அழுத்தத்தைத் தணிப்பது அது. நெற்றியில் தவம் செய்வதை முற்றிலும் நிறுத்தச் சொல்லி, இரண்டு வாரம் சாந்தி மட்டும் செய்ய வைத்தார். பத்தாம் நாள் நல்ல தூக்கம் வந்தது. ஏறத் தெரிந்தவன் இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது.

சரி, எப்படித் தொடங்குவது?

நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைக் கல்யாணத்துக்குத் திறக்கிறோம். திறந்தவுடன் மெயின் சுவிட்சைப் போட்டு எல்லா விளக்கையும் விசிறியையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? ஐம்பது வருடத்து ஒயர் எங்காவது கருகும். அதனால் முதலில் ஜன்னலையெல்லாம் திறந்து காற்று விட்டு, முகப்பிலிருந்து அடுப்படி வரை கூட்டித் துடைத்து, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒயரைப் பார்த்த பிறகுதான் கரண்ட். முதல் மூன்று மாதம் உங்களுக்கும் இந்த வேலைதான்.

அதில் முதல் வேலை தூக்கம். இரவு ஒரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் மூன்றரை மணி நேரத் தூக்கம். பத்து நாள் அப்படி இருந்தாலே யாருக்கும் தலை கிறுகிறுக்கும், கண்ணில் ஒளி தெரியும், காரணமில்லாமல் அழுகை வரும். பிரம்ம முகூர்த்தம் சிறந்தது என்பது எட்டு மணிக்குப் படுத்தவர்கள் காலத்துப் பேச்சு. உங்கள் வேலைக்கு இரவு ஒன்றரைக்குப் படுத்து, காலை எட்டரைக்கு எழுந்து, ஒன்பதரைக்குப் பயிற்சி செய்தால் போதும். ஏழு மணி நேரத் தூக்கத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஆனால் பயிற்சியில் கெட்டுப்போனதாக என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தூங்காமல் செய்தவர்கள்தான்.

உடம்புக்கு முதல் மாதம் நடையும் எளிய உடற்பயிற்சியும் போதும். மகரிஷி முறையில் கை, கால், மூச்சு, கண் பயிற்சிகள், மகராசனம், உடல் தேய்த்தல், கடைசியில் உடல் தளர்த்தல் என்று ஒரு வரிசை உண்டு. அரை மணி நேரத்துக்குள் முடியும், வயதானவர்களும் செய்யலாம். அந்த வரிசையில் கபாலபாதியும் வரும். அதை ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் வரை விட்டுவிடுங்கள்.

உட்காருவது எப்படி என்று யாரும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெயிலுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் வெறும் கல்லில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கோரைப்பாய் விரித்து, ஜமுக்காளத்தை நாலாக மடித்து, அதன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிட நாலு விரற்கடை உயரமாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். பத்மாசனம் தேவையில்லை. சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்காரலாம். தாடை சற்று உள்வாங்கியிருக்கட்டும், தோள் தளர்ந்திருக்கட்டும். கால் மரத்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் குற்றமில்லை. வளவில் (உள்முற்றத்தில்) ஆள் நடமாட்டம் இருக்கும், மாடி அறை மே மாதம் கொதிக்கும். வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் ஏதாவது ஒரு மூலை கிடைத்தால் அதையே தினமும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாதம் நாடி சுத்தி. வலது கட்டைவிரலால் வலது நாசியை மூடி, இடது நாசியால் மனத்துக்குள் நாலு எண்ணி இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி, வலதால் ஆறு எண்ணி விடுங்கள். பிறகு வலதால் இழுத்து இடதால் விடுங்கள். இது ஒரு சுற்று. நிறுத்தி வைக்கவே கூடாது. ஒன்பது சுற்று போதும். இந்தக் கணக்கில், ஓர் எண்ணுக்கு ஒரு வினாடி என்றால், நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் வரும். அந்த வேகத்தில் இதயத் துடிப்பு நிதானப்படும், படபடப்பு குறையும். வேக மூச்சு உடம்பை முடுக்கும். இது உடம்பை அடக்கி உட்காரவைக்கும். தொடங்குபவருக்கு வேண்டியது இதுதான்.

அதற்குப் பிறகு பத்து நிமிடம், எதையும் எழுப்பப் பார்க்காமல், மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். பெரியவர்கள் இதை அசபை என்பார்கள், செபிக்காமலே நடக்கும் செபம். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நிமிடத்துக்குப் பதினைந்து என்று பெருக்கினால் சரியாக வரும். அத்தனையில் நூறு மூச்சைக் கவனத்தோடு விட்டாலே தொடக்கத்துக்குப் பெரிய காரியம். நெற்றியிலோ முதுகுத்தண்டிலோ கவனத்தைக் குவிக்க வேண்டாம். ஆதாரங்களை வண்ணத் தாமரைகளாகக் கற்பனை செய்யவும் வேண்டாம். சூடோ குளிர்ச்சியோ ஊறலோ தெரிந்தால் தெரியட்டும், அதைக் குறித்து வைக்காதீர்கள், பக்கத்தில் யாரிடமும் சொல்லிப் பெருமைப்படாதீர்கள்.

பிள்ளையார் நோன்பை நினைத்துக்கொள்ளுங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், நாளுக்கு ஓர் இழையாக எடுத்து வைத்து, கடைசி நாளில்தானே திரியாக்கி ஏற்றுகிறோம்? முதல் நாளே யாரும் இழையைக் கொளுத்திவிடுவதில்லை.

சாப்பாட்டில் நான் கண்டிப்பாக இல்லை. பயிற்சிக்கு முன் மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் போதும். நம் ஊர்க் காரமும் எண்ணெயும் இராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டாம். அசைவம் பற்றிக் கேட்பார்கள். தவம் கூடக் கூடத் தானாகக் குறையும் என்பது என் அனுபவம், முதல் நாளே சத்தியம் செய்யத் தேவையில்லை. மது, கஞ்சா பழக்கம் இருந்தால் மட்டும் அதை விட்டுவிட்டுத்தான் தவத்துக்கு வர வேண்டும்.

இனி, யார் இதில் இறங்கக் கூடாது என்பது. ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் வேக மூச்சையும் மூச்சை நிறுத்துவதையும் தொடவே கூடாது. மெதுவான மூச்சையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். வீட்டில் யாருக்காவது, அல்லது உங்களுக்கே, மனநோய் வந்த வரலாறு இருந்தால், இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு போன்றவை, தீவிர தவத்தை விட்டு விலகியே இருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த ஆசான் சொன்னாலும் தாமாக நிறுத்தக் கூடாது. பயிற்சி செய்யும்போது தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்கினால், பேச்சு நிற்காமல் ஓடினால், 'என்னைக் கடவுள் தேர்ந்தெடுத்துவிட்டார்' என்று தோன்றினால், காதில் குரல் கேட்டால், அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இதைக் கோயில் விபூதியோடு மட்டும் விட்டுவிட்டு நாள் கடத்தியவர்களைப் பார்த்து எனக்கு மிகுந்த வருத்தம். விபூதியும் பூசிக்கொள்ளலாம், மருத்துவரிடமும் போகலாம்.

மூன்று மாதம் முடிந்தால் ஆசானைத் தேடுங்கள். மகரிஷி முறையைக் கற்றுத்தரும் மனவளக்கலை மன்றங்கள் தமிழ்நாட்டில் சிற்றூர்களிலும் இருக்கின்றன. ஆழியாறில் இருக்கும் அறிவுத் திருக்கோயில்தான் அவற்றுக்குத் தலைமையிடம் போல. ஆசிரியர் முதல் நாள் புருவ மத்தியில் தொட்டுத் தீட்சை கொடுப்பார், ஆக்கினைத் தவம் தொடங்கும், பிறகு சாந்தி தவம், அதன் பிறகு உச்சந்தலையில் கவனம் வைக்கும் துரியம். கூடவே எண்ணம் ஆராய்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று தற்சோதனைப் பாடங்கள் வரும். பலர் அந்தப் பாடங்களை ஏதோ அறிவுரை என்று நினைத்துத் தவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அந்தப் பாடங்கள்தான் அதிகம் உதவின. தவத்தில் சக்தி கூடும்போது இருக்கிற கோபமும் சேர்ந்து கூடும். கோபத்தை ஒரு நோட்டில் எழுதி, யார் மேல், எதனால், எத்தனை நேரம் என்று பார்த்த மாதத்தில்தான் என் வீட்டில் சத்தம் குறைந்தது.

இந்த முறைதான் வேண்டும் என்றில்லை. வேறு நல்ல வழிகளும் இருக்கின்றன. ஆனால் எங்கே போனாலும் ஆளை நன்றாகப் பாருங்கள். யோகி பஜன் 2004இல் இறந்தார். அவருடைய அமைப்பே அமர்த்திய விசாரணை, அவர் மீதான பாலியல் புகார்கள் பெரும்பாலும் உண்மையாக இருக்கலாம் என்று 2020இல் சொன்னது. அத்தனை பேர் தெய்வமாக நினைத்த மனிதர். அதனால், இரண்டே நாளில் எழுப்பித் தருகிறேன் என்பவர், பெரிய தொகை கேட்பவர், தனியறைக்கு வரச் சொல்பவர், வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்பவர், மருத்துவரிடம் போகாதே என்பவர், இவர்களில் யாராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நல்ல ஆசான் உங்கள் தூக்கத்தையும் பசியையும் வேலையையும் பற்றி முதலில் கேட்பார். வகுப்புக்குப் பல வருடமாக வருகிறவர்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தாலும் ஆசானைப் பற்றித் தெரிந்துவிடும்.

கடைசியாக அப்பத்தா. அவர்கள் பயத்தை உதாசீனம் செய்யாதீர்கள், தம்பி. அந்தக் காலத்தில் கட்டுப்பாடு இல்லாமல் தவத்தில் இறங்கி மனம் பேதலித்த யாரையாவது அவர்கள் பார்த்திருக்கலாம். வேக மூச்சை விட்டுவிட்டேன், மூன்று மாதம் வெறுமனே உட்காரப் போகிறேன், பிறகு ஆசிரியரிடம் போவேன் என்று சொல்லுங்கள். காலையில் நீங்கள் உட்காரும்போது பக்கத்தில் உட்கார்ந்து அகவல் பாடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மூலாதாரம் வருகிற இடத்தில் நிறுத்தி, அதற்கு அர்த்தம் என்ன அப்பத்தா என்று கேளுங்கள். என் ஆயா ஒரு தடவை சொன்ன விளக்கம் எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் அப்பத்தா என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.